சூடாக்கிய காசநோய்க் கல்ச்சரை வெளி பெஞ்சுக்குக் கொண்டுவரலாமா? செத்துவிட்டது என்பதற்கு என்ன ஆதாரம்?

#1 வைகைக்கரை

எல்லோருக்கும் வணக்கம். காசநோய்க் கிருமியில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். கல்ச்சர் வேலை, அதாவது கிருமியை வளர்க்கும் வேலை, முழுக்க பிஎஸ்எல்-3 என்ற உயர்நிலைப் பாதுகாப்பு அறைக்குள்தான் நடக்கிறது. என்95, இரட்டைக் கையுறை, பின்பக்கம் கட்டும் கவுன், எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. என் கவலை அதற்கு அடுத்த கட்டம் பற்றியது.

டிஎன்ஏ எடுப்பதற்காக, எல்ஜே சரிவில் (திட ஊடகம்) வளர்ந்த கல்ச்சரிலிருந்து ஒரு லூப் (கம்பி வளையம் கொள்ளும் அளவு) அள்ளி, மூடியை அழுத்தி மூடும் சாதாரண டியூபில் பஃபர் கரைசலோடு கலக்கிறோம். ஹீட் பிளாக்கில் 80 டிகிரி, 20 நிமிடம். வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு டியூபை வெளி ஆய்வகத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறோம். அங்கே சாதாரண பெஞ்ச். முகக்கவசம் கிடையாது. டியூபைத் திறக்கிறோம், வோர்டெக்ஸில் வைத்துக் குலுக்குகிறோம், சென்ட்ரிஃபியூஜில் சுற்றுகிறோம். பக்கத்து இருக்கைகளில் எம்எஸ்சி மாணவர்கள் பிசிஆர் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று தேடினேன். முன்பு படித்த ஒருவரின் நோட்டில் இருக்கிறது, அவருக்கு யார் கொடுத்தது என்று தெரியவில்லை. எங்கள் கையில் இருக்கும் கிருமி இதில் முழுக்கச் சாகிறதா என்று சோதித்த பதிவு எதுவும் இல்லை. வழிகாட்டியிடம் கேட்டேன். "பத்து வருஷமா இப்படித்தான் செய்யறோம், யாருக்கும் ஒண்ணும் ஆகலையே" என்றார்.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். நான் அதிகமாகப் பயப்படுகிறேனா?

#2 மாதவி_மைக்ரோ

பயம் சரியான இடத்தில்தான் இருக்கிறது தம்பி. காசநோய் ஆய்வகத்தில் ரொம்ப வருஷமாக வேலை பார்க்கிறேன். அறைக்குள் இருக்கும்போது எல்லோரும் கவனமாகத்தான் இருக்கிறார்கள். கதவைத் தாண்டிய பிறகு "செத்துப்போச்சு" என்ற ஒரே நம்பிக்கையில் எல்லாப் பாதுகாப்பையும் கழற்றி வைத்துவிடுகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் வேண்டும்.

80 டிகிரி 20 நிமிடம் என்பது பல ஆய்வகங்களில் புழங்கும் பழைய முறை. அதற்குப் பிறகும் கிருமி உயிரோடு வளர்ந்ததாக 90-களிலேயே கட்டுரைகள் வந்துவிட்டன. வெப்பத்தை 95 முதல் 100 டிகிரிக்கு உயர்த்தினால் நிலைமை பெருமளவு சரியாகும். ஆனால் எண்ணை மட்டும் மாற்றினால் போதாது, ஹீட் பிளாக்கிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. அது டியூபின் அடிப்பாகத்தை மட்டும்தான் சூடாக்கும். மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் துளி சூடே ஆகாது. நீங்கள் வெளியே மூடியைத் திறக்கும்போது முதலில் காற்றில் கலப்பது அந்தத் துளிதான்.

இன்னொன்று, காசநோய்க் கிருமி கட்டிகட்டியாகத் திரளும். மெழுகு போன்ற உறை. கட்டியின் நடுவில் இருப்பதற்குச் சூடு போய்ச் சேர நேரம் பிடிக்கும்.

#3 நெல்லைத்தம்பி

மாதவி மேடம் மேல் மரியாதை உண்டு. ஆனாலும் எதிர்க்கருத்து ஒன்றைப் பதிவு செய்கிறேன். நாம் எல்லோரும் குறைந்த நிதியில் வேலை செய்கிறவர்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு சோதனை, ஒரு படிவம், ஒரு கையெழுத்து என்று கூட்டிக்கொண்டே போனால் வேலை நகராது. விதிகள் அளவுக்கு மீறினால் ஆட்கள் குறுக்குவழி தேடுவார்கள், அதுவும் ஆபத்துதான். 80 டிகிரி முறையில் உலகம் முழுக்க எத்தனையோ ஆய்வகங்கள் டிஎன்ஏ எடுத்திருக்கின்றன. அங்கெல்லாம் ஆட்கள் வரிசையாக நோயில் விழவில்லையே?

#4 மாதவி_மைக்ரோ

தம்பி, மற்ற கிருமிகளுக்கு அந்த வாதம் ஓரளவு பொருந்தலாம். காசநோய்க்குப் பொருந்தாது.

இன்று கிருமியைச் சுவாசித்த ஒருவருக்கு நோய் வர மாதங்கள் ஆகலாம், வருஷங்களும் ஆகலாம். பெரும்பாலானவர்களுக்கு அது உள்ளேயே உறங்கும், நோயாக வெளிப்படாது. அப்படியே வந்தாலும், நம் ஊரில் காசநோய் பஸ்ஸில் வரலாம், விடுதியில் வரலாம், வீட்டில் வரலாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் படித்து முடித்துப்போன மாணவிக்கு வேறு ஊரில் இருமல் வந்தால், உங்கள் ஹீட் பிளாக்கை யார் நினைத்துப் பார்ப்பார்கள்? மருத்துவர் மாத்திரை கொடுப்பார், கணக்கு அதோடு முடிந்தது. "யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை" என்பதை உங்களால் பார்த்துச் சொல்லவே முடியாது.

அப்படிச் சொல்ல வேண்டுமானால், சேரும்போதும் பிறகு ஆண்டுதோறும் எல்லோருக்கும் காசநோய்த் தொற்றைக் காட்டும் தோல் சோதனையோ இக்ரா ரத்தப் பரிசோதனையோ செய்து, யாருக்கு நெகட்டிவ் பாசிட்டிவாக மாறியது என்று பார்த்திருக்க வேண்டும். உங்கள் துறையில் அந்தப் பதிவேடு இருக்கிறதா?

#5 சிராங்கூன்

நான் சிங்கப்பூரில் வேலை செய்கிறேன். எங்கள் பயிற்சி வகுப்புகளில் தவறாமல் எடுத்துச் சொல்லும் மூன்று நிகழ்வுகள் இங்கே பொருந்தும். மூன்றும் சார்ஸ்.

2003 ஜூலையில் சார்ஸ் அடங்கிவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதன் பிறகு மூன்று முறை நோய் ஆய்வகங்களிலிருந்து மறுபடி தலைகாட்டியது. முதலாவது இங்கேதான், அதே ஆண்டு செப்டம்பரில். ஒரு பட்டமேற்படிப்பு மாணவர் வெஸ்ட் நைல் வைரஸில் வேலை செய்தார். சார்ஸில் அவர் கை வைக்கவே இல்லை. ஆனால் அந்த பிஎஸ்எல்-3 ஆய்வகத்தில் சார்ஸ் வேலையும் நடந்துகொண்டிருந்தது, அவர் எடுத்த கல்ச்சரில் சார்ஸ் வைரஸ் கலந்திருந்தது. நல்லவேளையாக அவர் பிழைத்துக்கொண்டார், வேறு யாருக்கும் பரவவில்லை.

டிசம்பரில் தைவான். அது உச்சபட்சக் கட்டுப்பாடு கொண்ட பிஎஸ்எல்-4 ஆய்வகம். கேபினெட் எனும் மூடிய பாதுகாப்பு வேலைப் பெட்டியோடு இணைந்த கடத்து அறையில் கழிவு கசிந்திருப்பதைப் பார்த்த மூத்த ஆய்வாளர், அதைத் திறந்து தானே துடைத்தார். பிறகு ஒரு மாநாட்டுக்காகச் சிங்கப்பூர் வந்து போனார். ஊர் திரும்பியதும் காய்ச்சல்.

வைகைக்கரை கவனிக்க வேண்டியது மூன்றாவது நிகழ்வு. 2004 வசந்த காலம், பெய்ஜிங்கின் தேசிய வைராலஜி நிறுவனம். அங்கே நோயுற்ற இரண்டு ஆய்வாளர்களும் உயிருள்ள சார்ஸ் வைரஸைக் கையாண்டவர்கள் இல்லை. பிஎஸ்எல்-3 அறையில் "செயலிழக்கச் செய்த" வைரஸைச் சாதாரண ஆய்வகத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அது முழுக்கச் செயலிழக்கவில்லை, அந்த முறையை யாரும் சரிபார்த்திருக்கவும் இல்லை. மொத்தம் 9 பேருக்கு நோய் பரவியது. ஒருவர் இறந்தார், அந்த இரண்டு ஆய்வாளர்களில் ஒருவரான மாணவியின் தாய். அன்ஹுயியில் மகளைப் பக்கத்தில் இருந்து கவனித்துக்கொண்டவர். அந்த அம்மா ஆய்வகத்துப் பக்கமே போனதில்லை.

சீன நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் தலைவர் பதவி விலக நேர்ந்தது. ஆனால் அந்தக் குடும்பத்துக்கு அதனால் என்ன கிடைத்தது?

#6 வைரஸ்வாத்தியார்

சிராங்கூன் சொன்னதோடு இன்னும் இரண்டைச் சேர்க்கிறேன். வசதி இல்லாததால் நடந்தவை அல்ல இவை. இரண்டும் அமெரிக்காவில், நிதிக்குக் குறைவே இல்லாத இடங்களில் நடந்தவை.

2014 ஜூன், அட்லாண்டா, அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி. ஆந்த்ராக்ஸ் பாக்டீரியாவை ஃபார்மிக் அமிலத்தில் போட்டு, அதைக் கொன்றுவிட்டதாக எண்ணி, கீழ்நிலைக் கட்டுப்பாட்டு ஆய்வகங்களுக்குக் கொடுத்தார்கள். சோதனைத் தட்டை 24 மணி நேரம் பார்த்தார்கள், வளர்ச்சி இல்லை, சரி என்று அனுப்பிவிட்டார்கள். அந்த அமில முறை ஸ்போர்களை (பாக்டீரியாவின் உறங்கும், எளிதில் சாகாத வடிவம்) முழுக்கக் கொல்லும் என்று அதற்கு முன் யாரும் நிரூபித்திருக்கவில்லை. விஷயம் எப்படித் தெரியவந்தது என்றால், அந்தத் தட்டுகளை அழிக்கப் போனபோது நீராவியால் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவின் கதவு திறக்க மறுத்தது. அதனால் தட்டுகள் மறுபடி இன்கியூபேட்டருக்குள் போயின. ஒரு வாரம் கழித்து எடுத்துப் பார்த்தால் ஒரு தட்டில் கிருமி வளர்ந்திருந்தது. கதவு மட்டும் ஒழுங்காகத் திறந்திருந்தால் யாருக்கும் தெரிந்தே இருக்காது. 70 பேருக்கு மேல் ஆபத்துக்கு ஆளாகியிருக்கலாம் என்று கணக்கிட்டுத் தடுப்பு மருந்து கொடுத்தார்கள். நல்லவேளை, யாரும் நோயுறவில்லை.

அடுத்த ஆண்டு, 2015 மே. யூட்டா மாநிலத்தின் டக்வே ராணுவச் சோதனை மையம். காமாக் கதிரால் கொன்றதாக நம்பிய ஆந்த்ராக்ஸ் ஸ்போர்களைப் பத்தாண்டுக்கும் மேலாகப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பியிருந்தார்கள், தென் கொரியாவில் இருந்த அமெரிக்கத் தளம் உட்பட. சில தொகுதிகளில் உயிருள்ள ஸ்போர்கள் இருந்தன. ஒரு தொகுதியில் இருக்கும் கோடிக்கணக்கான ஸ்போர்களில் கொஞ்சூண்டை எடுத்துச் சோதித்தால், மிச்சத்தில் தப்பிய ஒன்றிரண்டு கண்ணில் படாது. இந்த இரண்டுக்கும் பிறகுதான், ஆபத்தான கிருமிகளை எந்த முறையில் கொன்றாலும் அந்த முறையைச் சரிபார்த்து, சான்றிதழோடு அனுப்ப வேண்டும் என்று 2017-இல் அங்கே விதி வந்தது.

ஆர்என்ஏ வேலை செய்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வைரஸை உடைக்கும் லைசிஸ் பஃபரில் போட்டாலே வைரஸ் காலி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். எபோலாவில் சோதித்தபோது, பரவலாகப் பயன்படும் ஏவிஎல் என்ற லைசிஸ் பஃபர் மட்டும் எல்லாச் சமயத்திலும் போதவில்லை. அடுத்த படியில் சேர்க்கும் எத்தனாலும் சேர்ந்தபோதுதான் முழுக்கச் செயலிழந்தது. ஆகவே எத்தனால் சேர்க்கும் வரை டியூப் கேபினெட்டை விட்டு வெளியே வரக்கூடாது.

அப்புறம், இந்தப் பஃபர்களில் குவானிடின் உப்பு இருக்கும். அது சிந்தினால் பிளீச் ஊற்றித் துடைக்கவே கூடாது, நச்சு வாயு வரும். கழிவுப் புட்டியில் இரண்டையும் சேர்த்து ஊற்றுவதை நிறைய இடத்தில் பார்க்கிறேன். தயவுசெய்து நிறுத்துங்கள்.

#7 நெல்லைத்தம்பி

பெய்ஜிங் நிகழ்வு எனக்குப் புதிது. அந்தத் தாயைப் பற்றிப் படித்த பிறகு என் முதல் பதிவின் தொனி எனக்கே பிடிக்கவில்லை. சரி, ஒத்துக்கொள்கிறேன், ஆதாரம் வேண்டும்.

ஆனால் எப்படி? ஒரு சிறிய துறை, கையில் இருக்கும் பொருளை வைத்து, அதிகச் செலவில்லாமல் இதை நிரூபிக்க வழி உண்டா? காசநோய்த் தடுப்பூசிக் கிருமியான பிசிஜி மாதிரி வலுவிழந்த வகையை வைத்துச் சோதித்தால் போதுமா?

#8 மாதவி_மைக்ரோ

வழி உண்டு. செலவும் பெரிதில்லை. பொறுமை மட்டும் நிறைய வேண்டும்.

பிசிஜி வைத்துப் பழகுங்கள், கை படியும். ஆனால் இறுதிச் சோதனை நீங்கள் அன்றாடம் கையாளும் கிருமியில்தான் நடக்க வேண்டும். "வலுவிழந்தது" என்ற சொல்லை முழுக்க நம்பவும் கூடாது. 2009-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் மால்கம் கசடாபன், வலுவிழக்கச் செய்த பிளேக் கிருமியில் வேலை செய்து அதனாலேயே இறந்தார். இரும்பை ஈர்க்க முடியாதபடி அந்தக் கிருமியை முடக்கியிருந்தார்கள். அவருக்கோ உடலில் இரும்பு மிகுதியாகச் சேரும் பரம்பரைக் குறை இருந்தது, அது அவருக்கே தெரியாது.

இனிச் செய்முறை. அன்றாடம் எடுக்கும் அளவைவிட அதிகமான கிருமியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லூப் எடுப்பவர் இரண்டு மூன்று லூப் போட்டுச் சோதிக்க வேண்டும். சூடாக்கி முடித்ததும் கொஞ்சத்தை மட்டும் எடுக்காமல் டியூப் முழுவதையும் கல்ச்சருக்குப் போடுங்கள். டக்வேயில் தவறியது இதில்தான். திரவ ஊடகமான எம்ஜிஐடியில் 42 நாள், எல்ஜேயில் 8 வாரம். காசநோய்க் கிருமி ஒரு முறை பெருகவே ஒரு நாளை நெருங்கும். சூட்டில் அடிபட்ட கிருமி எழுந்து நிற்க இன்னும் நாளாகும். இரண்டு வாரத்தில் எட்டிப் பார்த்துவிட்டு "வளரவில்லை" என்று எழுதினால், அட்லாண்டாவில் 24 மணி நேரத்தில் எழுதியது போலத்தான் ஆகும்.

வேதிப்பொருளால் கொல்கிறவர்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். ஊடகத்துக்குள் அந்தப் பொருள் கொஞ்சம் போய்விட்டாலும் அதுவே வளர்ச்சியைத் தடுக்கும். கிருமி உயிரோடு இருக்கும், ஆனால் வளராது. நீங்கள் செத்துவிட்டது என்று முடிவு கட்டுவீர்கள். அதனால் முதலில் நன்றாகக் கழுவி எடுங்கள். கூடவே ஒரு ஒப்பீட்டு டியூப் வையுங்கள். அதையும் அதே மாதிரிக் கழுவி, கடைசியில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு உயிருள்ள கிருமியைச் சேருங்கள். அது வளர்ந்தால்தான் மற்றதில் வளராததற்கு அர்த்தம் உண்டு.

இதை வெவ்வேறு நாளில், வெவ்வேறு ஆள் கையால், குறைந்தது மூன்று முறை செய்யுங்கள். ஒரு முறை சரியாக வந்ததை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

#9 கோவைக்குயில்

நிறுவன உயிர்ப் பாதுகாப்புக் குழுவில் இருந்த அனுபவத்தில் சொல்கிறேன். வைகைக்கரை, வழிகாட்டியோடு வாதம் வேண்டாம். இதைக் குழுவின் முன் ஒரு முறையான வேண்டுகோளாகக் கொண்டுபோங்கள். இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2017-இல் தந்த வழிகாட்டுதலில் காசநோய்க் கிருமி மூன்றாம் ஆபத்துப் பிரிவில் இருக்கிறது. அதைக் கட்டுப்பாட்டு அறைக்கு வெளியே கொண்டுவரும் முறையைக் குழு பார்த்து ஒப்புதல் தருவது சலுகை இல்லை, அது அவர்கள் கடமை. நீங்கள் குறை சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, ஆய்வின் ஒரு பகுதியாக ஒரு முறையைச் சரிபார்க்கிறீர்கள், அவ்வளவுதான்.

நெல்லைத்தம்பி சொன்ன விதி மிகுதி பற்றியும் ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனம் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வகப் பாதுகாப்புக் கையேட்டின் நான்காம் பதிப்பு அவர் பக்கம்தான் சாய்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று அறைக்கு எண் போட்டுவிட்டு எண்ணை நம்பி உட்காராதீர்கள், செய்யப்போகும் வேலையில் ஆபத்து எங்கே இருக்கிறது என்று பாருங்கள் என்கிறது. எல்லோருக்கும் பொதுவான அடிப்படைத் தேவைகள், ஆபத்து கூடும் இடத்தில் கூடுதல் கட்டுப்பாடு, மிகச் சில வேலைகளுக்கு மட்டும் உச்சக் கட்டுப்பாடு. காசநோய்க்கென்று 2012-இல் வந்த கையேட்டிலும் இதே போக்குதான். சளியை நேரடியாகக் கண்ணாடியில் தேய்ப்பதற்குக் குறைந்த ஆபத்து, கல்ச்சருக்காகச் சளியைப் பக்குவப்படுத்துவதற்கு நடுத்தரம், வளர்ந்த கல்ச்சரைக் கையாள்வதற்கு அதிக ஆபத்து. ஒரே கிருமிதான், வேலையைப் பொறுத்துத் தேவையான கட்டுப்பாடு மாறுகிறது. ஆகவே எல்லா இடத்திலும் படிவம் கூட்ட வேண்டியதில்லை. டியூப் கதவைத் தாண்டும் அந்த ஒரு இடத்தில் கூட்டுங்கள்.

கிருமிநாசினியின் காலாவதித் தேதியையும் பாருங்கள். 2019-இல் சீனாவின் லான்ஜோவில் புருசெல்லா தடுப்பூசி தயாரித்த ஆலை காலாவதியான கிருமிநாசினியைப் பயன்படுத்தியது. வெளியேறிய காற்றோடு கிருமியும் போய், 10,000 பேருக்கு மேல் தொற்று உறுதியானது. பெரும்பாலானவர்கள் சுற்றுவட்டாரத்து மக்கள்.

#10 தேன்மொழி_எம்எஸ்சி

அக்கா, ஒரு சந்தேகம். டியூபின் வெளிப்பக்கத்தை எதால் துடைப்பது? எங்கள் லேப்பில் 70 சதவீத எத்தனால் ஸ்ப்ரே அடித்து உடனே துடைத்துவிடுவோம்.

#11 மாதவி_மைக்ரோ

உடனே துடைத்தால் பயனில்லை மா. எந்த மருந்தாக இருந்தாலும் ஈரமாக இருக்கும் நேரம்தான் வேலை செய்யும் நேரம். எத்தனால் காசநோய்க் கிருமியைக் கொல்லும், ஆனால் ஏசிக் காற்றில் சட்டென்று உலர்ந்துவிடும். ஸ்போர்களை அது ஒன்றும் செய்யாது, அதையும் நினைவில் வை. காசநோய் ஆய்வகங்களில் 5 சதவீத ஃபீனால் காலங்காலமாகப் புழங்குகிறது. அதில் நனைத்த துணியில் டியூபைச் சுற்றி, உற்பத்தியாளர் சொல்லும் நேரம் வரை விட்டுவிட்டு, பிறகு எத்தனாலால் துடை. ஃபீனால் தோலைச் சுடும், கையுறை கட்டாயம். பிளீச் என்றால் அன்றன்றைக்குக் கரைக்க வேண்டும். போன வாரம் கரைத்து வைத்ததை நம்பாதே.

#12 வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. இந்த இழையைத் தொகுத்து வழிகாட்டியிடம் கொடுத்தேன். பெய்ஜிங், அட்லாண்டா இரண்டையும் வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. "குழுவுக்கு எழுது, நானும் கையெழுத்துப் போடறேன்" என்றார். சரிபார்ப்பு முடியும் வரை டிஎன்ஏ வேலையின் முதல் பாதியை உள்ளேயே, கேபினெட்டில் செய்யச் சம்மதித்துவிட்டார். இக்ரா பரிசோதனைக்கும் துறைத்தலைவரிடம் பேசுகிறாராம்.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். ஹீட் பிளாக்குக்குப் பதில் என்ன வைப்பது? புதிதாக வாங்க நிதி இல்லை.

#13 மாதவி_மைக்ரோ

ரொம்பச் சந்தோஷம் தம்பி. புதிதாக எதுவும் வாங்க வேண்டாம், ஒரு சாதாரண வாட்டர் பாத் போதும். டியூபை மட்டும் மாற்றுங்கள். அழுத்தி மூடும் மூடி 95 டிகிரியில் பட்டென்று திறந்துகொள்ளும். உள்ளே ரப்பர் வளையம் உள்ள திருகு மூடி டியூப் வாங்குங்கள். சூடாக்கும் முன் சென்ட்ரிஃபியூஜின் மூடிய ரோட்டரில் ஒரு சுற்று சுற்றினால் மூடியில் ஒட்டியது கீழே இறங்கும். ரோட்டரைக் கேபினெட்டுக்குள் வைத்துத்தான் திறக்க வேண்டும். டியூப் மூடி வரை தண்ணீரில் முழுகியிருக்கட்டும், மிதந்தால் மேலே கம்பித் தட்டு வைத்து அமிழ்த்துங்கள்.

கூடவே ஒரு போலி டியூப் வையுங்கள். அதே அளவு பஃபர், கிருமி இல்லாமல், மூடியில் துளையிட்டுத் தெர்மாமீட்டர் செருகியது. அது மட்டும் மூடியளவு முழுகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாத்தின் திரையில் 95 காட்டியதும் நேரத்தை எண்ணத் தொடங்காதீர்கள். போலி டியூபுக்குள் 95 வந்த பிறகு எண்ணுங்கள். எத்தனை நிமிடம் என்பதை உங்கள் மூன்று சோதனைகள்தான் முடிவு செய்யும். 30 நிமிடத்திலிருந்து தொடங்குங்கள், நீளமான டிஎன்ஏ உடைகிறதா என்றும் கூடவே பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்ச்சர் பார்க்கும் காலம் (எம்ஜிஐடியில் 42 நாள், எல்ஜேயில் 8 வாரம்) முடியும் வரை அந்தத் தொகுதி டியூப்கள் உள்ளே இருக்கும் ஃபிரிட்ஜிலேயே இருக்கட்டும். சிவப்பு ஒட்டுச்சீட்டில் தேதியும் சூடாக்கியவர் பெயரும் எழுதுங்கள். முடிவைப் பார்த்து வேறொருவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பச்சைச் சீட்டு. முதல் எம்ஜிஐடி முடிவு வந்ததும் இங்கே போடுங்கள். ஏதாவது ஒரு டியூபில் வளர்ந்தால் அதையும் மறைக்காமல் போடுங்கள், எந்தச் சூடு எத்தனை நிமிடம் போதவில்லை என்று மற்ற ஆய்வகங்களுக்கும் தெரிய வேண்டும்.